முப்பத்தேழாவது ஒலிப்பதிவு

பாகீரதிக்கு ஐம்பத்தாறு வயது நடந்துகொண்டிருந்தபோது ஓர் அமெரிக்க செனட்டரின் வாழ்க்கை அவள் கைக்கு வந்து சேர்ந்தது. மொத்தம் அறுபத்தொரு ஒலிப்பதிவுகள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் ஓடும்.

அவள் வேலை பார்த்த ஆபீஸ் மும்பையில் குர்லாவில், ரப்பர் வாஷர் செய்யும் பட்டறைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பேச்சுகளைக் கேட்டு, சொல்லுக்குச் சொல் டைப் அடித்து அனுப்புவதுதான் அங்கே தொழில். டாக்டர்களும் வக்கீல்களும் கம்பெனி டைரக்டர்களும் பேசியதையெல்லாம் பாகீரதி பத்தொன்பது வருடமாக டைப் அடித்துவந்தாள். முதலாளி சிராஜ் தமிழர்கள் நிறைந்த சீத்தா கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவன், அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். ஆபீசில் மொத்தம் பதினான்கு பேர். ஒருவர் டைப் அடித்ததை இன்னொருவர் மறுபடி கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பாகீரதி அடிப்பதைச் சரிபார்ப்பவள் கோகிலவாணி. தாராவியிலிருந்து வருபவள், கூர்மையான காது.

பேச்சில் ஏதாவது புரியாவிட்டால் அந்த இடத்தில் நேரத்தைக் குறித்து ‘இன்ஆடிபிள்’ என்று போடுவது வழக்கம். கேட்கவில்லை என்று அர்த்தம். எல்லோரும் போடுவார்கள். பாகீரதிக்கு மட்டும் அந்தச் சொல்லைப் போட நேர்ந்த நாளில் மத்தியானச் சாப்பாடு சரியாக இறங்காது. கீழே பட்டறையில் கம்ப்ரெஸர் ஓடும்போதும், பேசுகிறவர் வாயில் சாண்ட்விச் இருக்கும்போதும், அவள் ஒலியைப் பின்னால் ஓட்டும் கால் பெடலை அழுத்தி அழுத்திப் பதினைந்து தடவையாவது கேட்டு வார்த்தையைப் பிடித்துவிடுவாள்.

செனட்டரின் பெயர் ஆர்வில் டென்பி. வயது தொண்ணூற்றொன்று. அமெரிக்காவின் நடுவில் கோதுமையும் பன்றிகளும் அதிகமுள்ள ஒரு மாநிலத்திலிருந்து ஆறு முறை தொடர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, முப்பத்தாறு வருடம் பதவியில் இருந்தவர். அங்குள்ள பல்கலைக்கழக நூலகம் அவருடைய வாழ்க்கையை அவர் வாயாலேயே பதிவுசெய்துகொண்டிருந்தது. செலவு செனட்டர் பெயரில் இருந்த ஓர் அறக்கட்டளையுடையது. அதை நிர்வகித்தவள் மார்ஜரி வாஸ் என்ற அம்மாள். செனட்டரின் ஆபீசில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள்.

பாகீரதி தினமும் காலை பத்து மணிக்கு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவர் வாழ்க்கைக்குள் நுழைவாள். அப்பா கோழித்தீவனம் விற்றவர். டென்பி முதல் தேர்தலில் நானூற்றுப் பதினொரு ஓட்டில் ஜெயித்தார். அன்று பனி கொட்டியதில் எதிராளியின் ஊர்க்காரர்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வெற்றிக் கூட்டத்தில் அவர் முதலில் பனிக்குத்தான் நன்றி சொன்னார். ஒரு போரை ஆதரித்து ஓட்டுப் போட்டார், பிறகு எதிர்த்து ஓட்டுப் போட்டார், இரண்டு தடவையும் ஒரே பேச்சைக் கொஞ்சம் மாற்றிப் பேசினார். பிடிக்காத சக செனட்டர் ஒருவர் இறந்தபோது சபையில் அழுதார். ஏன் அழுதார் என்று அவருக்கே தெரியவில்லை. பள்ளிக் குழந்தைகளுக்குப் பால் பவுடர் கொடுக்கும் ஒரு மசோதாவைப் பதினொரு வருடம் சுமந்து திரிந்து நிறைவேற்றினார். அதைப் பற்றி மட்டும் நான்கு ஒலிப்பதிவுகள் பேசினார். மனைவி லொரெய்னுக்குத் தலைநகரம் பிடிக்காது. ஊரிலேயே கன்றுக்குட்டி வளர்த்துக்கொண்டு இருந்துவிட்டாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள்.

கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று ஆபீசில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பாகீரதி வீட்டில் சொன்னாள். செம்பூரில் மூன்றாவது மாடியில் சொல்வது வெளியே சொல்வதாகாது என்பது அவள் எண்ணம்.

கேட்டவர் அவள் கணவர் பத்ரிநாராயணன். இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் பில்டிங் சொசைட்டிக்குப் பதினேழு வருடமாக அவர்தான் செக்ரட்டரி. வேறு யாரும் நிற்பதில்லை. இதை அவர் மக்களின் நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டிருந்தார். டென்பியின் கதை தொடங்கியதும் அவருக்கு ஒரு சொந்தக்காரன் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், “உன் செனட்டர் இன்னிக்கு என்ன பண்ணினார்?” என்று கேட்பார்.

“பால் பவுடர்தான்.”

“இன்னும் பாஸ் ஆகலையா?”

“கமிட்டில இருக்கு.”

“கமிட்டின்னாலே அப்படித்தான்” என்பார், அனுபவசாலியாக.

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. முப்பத்தேழாவது ஒலிப்பதிவு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

மூன்றாவது தேர்தலைப் பற்றிய பேச்சு அது. கார்னெட் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் உலோகத்துக்கு முலாம் பூசும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் கழிவு கிணறுகளில் இறங்கி, குழந்தைகளுக்குச் சிறுநீரகம் கெட்டது. அந்த விஷயத்தை செனட்டில் எழுப்பி, தொழிற்சாலையை மூடவைத்து, ஊருக்குப் புதிய குடிநீர் நிலையம் கட்டிக்கொடுத்தவர் டென்பி. நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். பேட்டி எடுத்தவர் அதை நினைவுபடுத்திப் பாராட்டினார். செனட்டரின் கண்ணாடி டம்ளரில் ஐஸ் உருளும் சத்தம் வந்தது. பிறகு மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் பதினெட்டு வினாடி.

பாகீரதி அதை ஒன்பது முறை கேட்டாள். பிறகு டைப் அடித்தாள். அவர் சொன்னது இதுதான். அந்த ஊர் டாக்டர் ஒருவர் பதினான்கு குழந்தைகளின் பெயரோடு அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். கடிதம் மார்ச்சில் வந்தது. தேர்தல் நவம்பரில். தொழிற்சாலையில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வேலை பார்த்தார்கள். கடிதத்தை மேஜையின் இடதுபக்க டிராயரில் வைத்தார். டிராயரைப் பூட்டவில்லை. பூட்டினால் மறைத்தது போலாகும் என்று தோன்றியது. தேர்தலில் ஜெயித்து, ஜனவரியில் டிராயரைத் திறந்து கடிதத்தை வெளியே எடுத்தார். நடுவில் எத்தனை குழந்தைகள் சேர்ந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்துபோயிருக்கும்.

கோகிலவாணி சரிபார்த்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாகீரதி கேட்டாள்.

“ஒரு கமா மட்டும் மாத்துனேன் மாமி” என்றாள் கோகிலவாணி. கொஞ்சம் பொறுத்து, “இந்தாளு பால் பவுடருக்கு எம்புட்டு கஷ்டப்பட்டாருன்னு நான் எங்க வீட்டுல சொல்லிட்டு இருந்தேன்” என்றாள்.

மூன்று வாரம் கழித்து மார்ஜரி வாஸிடமிருந்து மெயில் வந்தது. அதற்குள் பாகீரதி முப்பத்தொன்பதாவது ஒலிப்பதிவுக்குப் போயிருந்தாள். மெயில் மிகவும் மரியாதையாக இருந்தது. முப்பத்தேழாவது பதிவில் குறிப்பிட்ட இரண்டு நிமிடப் பகுதியில் ஒலித்தரம் மோசம் என்றும், அங்கே டைப் அடிக்கப்பட்டது ஊகம்போலத் தெரிகிறது என்றும், அதை எடுத்துவிட்டு ‘இன்ஆடிபிள்’ என்று போட்டு அனுப்பும்படியும் கேட்டிருந்தாள்.

சிராஜ் மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தான்.

“இது இன்ஆடிபிள் இல்லை சிராஜ். நன்னா கேக்கறது” என்றாள் பாகீரதி.

“மேடம், கஸ்டமருக்குக் கேக்கலையாம். நமக்கென்ன? ஒரு வார்த்தைதானே, போட்டுருங்க.”

“அவாளுக்குக் கேக்கலைன்னா அவா போட்டுக்கட்டும். நான் அடிச்சா எனக்குக் கேக்கலைன்னு ஆயிடும்.”

சிராஜ் கோகிலவாணியைப் பார்த்தான். அவளுக்கும் கேட்கிறது என்று அவள் சொன்னாள். சிராஜ் தானே ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டு கேட்டான். கழற்றி மேஜைமேல் வைத்தான். அவனுக்கும் கேட்டுவிட்டது. இது நிலைமையை எந்த விதத்திலும் எளிதாக்கவில்லை. அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று ராத்திரி பாகீரதி அதுவரை மறைத்து வைத்திருந்த விஷயத்தைக் கணவரிடம் சொன்னாள். பத்ரிநாராயணன் கையில் எடுத்த சாதத்தை அப்படியே வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். டென்பிமேல் அவர் மிகுந்த மதிப்பு வைத்திருந்தார். அதை ஒரே சாப்பாட்டில் இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

“எலக்‌ஷனை வெச்சுண்டு அவர் என்ன பண்ணுவார்? தோத்துட்டா அந்த லெட்டரை வேற யார் வெளில எடுப்பா?”

“அவரும் அதையேதான் சொன்னார்.”

“பாத்தியா?”

“அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிண்டாராம். முதல் வாரம் நம்பினாராம். அப்புறம் டிராயர் பக்கமே போகலையாம்.”

பத்ரிநாராயணன் மோர் ஊற்றச் சொன்னார்.

மறுநாள் பாகீரதி ஆபீசுக்குச் சீக்கிரமே போய், வேலை தொடங்கியபோது நூலகம் அனுப்பியிருந்த விதிமுறைக் கோப்பைத் தேடி எடுத்தாள். ஒன்பது பக்கம். யாரும் படித்ததில்லை. ஆறாவது பக்கத்தில், கேட்கக்கூடிய பேச்சை ‘இன்ஆடிபிள்’ என்று குறிக்கக்கூடாது என்றும், ஏதாவது ஒரு பகுதியை நீக்க வேண்டுமானால் பேசியவரே கேட்க வேண்டும், அப்போது ‘பேசியவர் விருப்பப்படி நீக்கப்பட்டது’ என்று போட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அவள் அந்தப் பக்கத்தை சிராஜிடம் கொடுத்தாள். அதை இணைத்து ஒரு பதில் எழுதச் சொன்னாள். சிராஜ் எழுதினான். நூலகத்துக்கும் ஒரு நகல் போட்டான். அது பாகீரதி சொல்லாமலே அவனாகச் செய்தது.

மார்ஜரிக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. நீக்கப்பட்டது என்று போட்டால் அங்கே ஏதோ இருந்தது என்று தெரிந்துவிடும் என்று எழுதினாள். நூலகத்துக்காரர்கள் விதி விதிதான் என்றார்கள். கடைசியில் செனட்டரே வீடியோவில் வந்து தன் வாயால் சொல்லட்டும், டைப் அடித்தவரும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அங்கே காலை ஒன்பது, குர்லாவில் சாயங்காலம் ஏழரை. பட்டறையை ஏழுக்கே மூடிவிடுவார்கள் என்பதால் சத்தம் இருக்காது.

திரையில் மூன்று சதுரங்கள் தெரிந்தன. ஒன்றில் நூலகத்து இளைஞன். ஒன்றில் மார்ஜரி, வெள்ளை முடி, முத்துமாலை. மூன்றாவதில் செனட்டரின் நெற்றியும் பின்னாலிருந்த ஒரு ஜன்னலும். பாகீரதி நெற்றிமேல் விபூதியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். சிராஜும் கோகிலவாணியும் கேமராவில் படாமல் சுவரோரம் நின்றார்கள்.

மார்ஜரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். மின்விசிறி சத்தத்தில் பேச்சு தெளிவாக இல்லை, ஆகவே அந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று செனட்டரைக் கேட்டாள். செனட்டர் அவளை விட்டுவிட்டுப் பாகீரதியிடம் பேசினார்.

“அங்கே இருக்கும் அம்மா, உங்களுக்கு நான் பேசியது கேட்டதா?”

ஆறு மாதம் காதுக்குள் இருந்த குரல் தன்னைப் பார்த்துப் பேசியதில் பாகீரதி ஒரு கணம் தடுமாறினாள். கேட்டது என்றாள். எவ்வளவு கேட்டது என்றார். எல்லாமே என்றாள்.

“என்னுடன் இருப்பவர்கள் யாருக்கும் கேட்கவில்லையாம். படியுங்கள் பார்க்கலாம்.”

பாகீரதி படித்தாள். மாட்டுங்கா பள்ளிக்கூடத்தில் கற்ற இங்கிலீஷில், ஒரு சொல்லும் விடாமல், டாக்டரின் கடிதம், மார்ச், இடதுபக்க டிராயர், பூட்டாதது, எண்ணிக்கை கேட்காதது என்று கடைசிவரை படித்தாள். குரலை ஏற்றவோ இறக்கவோ இல்லை. படித்து முடித்துத் தாளைக் கீழே வைத்தாள். கோகிலவாணி மூச்சு விடுவதுகூட அவளுக்குக் கேட்டது.

“மார்ச் என்றா சொன்னேன்?” என்றார் செனட்டர்.

“ஆமாம்.”

“மார்ச் இல்லை. பிப்ரவரி. லொரெய்ன் பிறந்தநாளுக்கு மறுநாள். நீங்கள் எழுதியது சரி, நான் சொன்னதுதான் தப்பு. திருத்திக்கொள்ளுங்கள்.” பிறகு முகத்தைக் கொஞ்சம் திருப்பி, “மார்ஜரி, அந்தக் கடிதத்தைப் பிரித்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தது நீதானே?” என்றார்.

மார்ஜரி வாஸ் முத்துமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது என்றும், மறுபடி இரண்டு தடவை நினைவூட்டியதாகவும் சொன்னாள். மூன்று தடவை என்று செனட்டர் திருத்தினார். அவள் தன் கேமராவை அணைத்துவிட்டாள். பெயர் மட்டும் கறுப்புச் சதுரத்தில் இருந்தது.

நூலகத்து இளைஞன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அப்படியானால் அந்தப் பகுதி இருக்கட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும் என்றார் செனட்டர். அதைக் கடிதமாகவும் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார்.

பாகீரதி அன்றே பிப்ரவரியை அடிக்குறிப்பாகச் சேர்த்து அனுப்பினாள்.

இரண்டு வாரத்தில் மீதி இருந்த இருபது ஒலிப்பதிவுகளையும் அறக்கட்டளை வேறு ஊரிலுள்ள வேறொரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. காரணம் எதுவும் சொல்லவில்லை. சிராஜ் இரண்டு நாள் பாகீரதியிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு பல் டாக்டர்கள் மாநாட்டின் பேச்சுகளைக் கொண்டுவந்து கொடுத்தான். “இதுல யாரும் ஒண்ணும் ஒத்துக்க மாட்டாங்க மேடம்” என்றான். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

பால் பவுடர்க்காரரின் மீதிக் கதை தெரியாமல் போனதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. இன்னும் மூன்று தேர்தல் பாக்கி. பத்ரிநாராயணன் சாப்பாட்டில் பழக்கதோஷத்தில் ஒருநாள் வாயெடுத்துவிட்டு, ரசத்தில் உப்பு குறைவு என்று பேச்சை மாற்றினார்.

அடுத்த வருடம் ஏப்ரலில் நூலகம் அறுபத்தொரு பதிவுகளையும் எழுத்தோடும் ஒலியோடும் தன் இணையதளத்தில் போட்டது. கார்னெட் ஃபால்ஸ் பத்திரிகை முதல் பக்கத்தில் எழுதியது. பாகீரதி அதை செம்பூரிலிருந்து குர்லா போகும் ரயிலில் போனில் படித்தாள். ஊர்க்காரர்கள் கூட்டம் போட்டுக் குடிநீர் நிலையத்திலிருந்து டென்பியின் பெயரை எடுத்துவிட்டார்கள். மூன்று பேர் எடுக்கக்கூடாது என்று ஓட்டுப் போட்டார்கள். கடிதம் எழுதிய டாக்டர் இறந்து வெகுகாலமாகியிருந்தது. அவர் மகள் கார்பன் நகல் ஒன்றை இத்தனை வருடம் வைத்திருந்தாள். தேதி பிப்ரவரி ஒன்பது. அவள் அப்பாவை அந்த ஊரில் பலர் புரளி கிளப்புகிறவர் என்றே கடைசிவரை சொல்லிவந்தார்களாம். பத்திரிகைக்காரர்கள் செனட்டரிடம் போய் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, டைப் அடித்தது சரியாக இருக்கிறது, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லியிருந்தார்.

பாகீரதி அந்த வரியை ஆபீசில் காட்டினாள். இதைக் கம்பெனி வெப்சைட்டில் போடலாமா என்று சிராஜ் கேட்டான். அவள் முறைத்ததும் விட்டுவிட்டான்.

மீதி இருபது பதிவுகளை அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் கேட்டாள். புதிய கம்பெனிக்காரர்கள் அறுபத்துநான்கு இடத்தில் ‘இன்ஆடிபிள்’ போட்டிருந்தார்கள். அவளால் தாங்க முடியவில்லை. ஐம்பத்து மூன்றாவது பதிவில், லொரெய்ன் இறந்ததைச் சொல்லும் இடத்தில், ஒரு பத்தியே இல்லை. அவள் பெடல் இல்லாமல், கணவரின் பழைய லேப்டாப்பில் முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டாள். அவர் கன்றுக்குட்டிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினொன்று. அவற்றை லொரெய்ன் செனட்டர்களின் பெயரால் அழைத்திருக்கிறாள். பாகீரதி எல்லாப் பெயரையும் எழுதினாள். இரண்டுக்கு ஸ்பெல்லிங் சரிபார்க்கப் பழைய செனட் பட்டியலைத் தேடினாள். அறுபத்துநான்கு திருத்தங்களையும் நூலகத்துக்கு அனுப்பினாள். அறுபத்தொன்றை ஏற்றுக்கொண்டு நன்றி எழுதினார்கள். மீதி மூன்று அவர்களுக்குக் கேட்கவில்லையாம்.

அக்டோபரில் ஆர்வில் டென்பி இறந்துபோனார். தூக்கத்தில் என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். முப்பத்தாறு வருடம், பால் பவுடர் மசோதா, கார்னெட் ஃபால்ஸ் கடிதம் எல்லாம் அந்த வரிசையிலேயே வந்திருந்தன. பாகீரதி சாப்பாட்டுக்கு உட்காரும் முன் கணவரிடம் சொன்னாள். பத்ரிநாராயணன் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“நீதான் படிச்சுக் காட்டினேன்னு அதுல எங்கேயாவது போட்டிருக்காளா?”

“இல்லை.”

“அவர் உன் பேரையாவது கேட்டாரா அன்னிக்கு?”

“கேட்டார். வீடியோ கால் முடியறச்சே கேட்டார். சொன்னேன். ஸ்பெல்லிங்கும் கேட்டார்.”

“எழுதிண்டாரா?”

“தெரியலை. கேமராவுல நெத்தி மட்டும்தான் தெரிஞ்சது” என்று சொல்லிவிட்டு அவள் சாதம் பரிமாறினாள்.